ஏசியைப் போட்டதும் ஈரத்துணி வாடை: ஐப்பசிக்கு முன் என்ன செய்யலாம்?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், வாய்க்கால் ஓரத்து வீட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கம் இது.

போன வருஷம் சித்திரையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி வாங்கியிருக்கிறார்கள். அறை 10-க்கு 11 அடி, கீழ்த்தளம், மேலே மாடி உண்டு. கணவர் வெளிநாட்டில், இவரும் மாமியாரும் ஒன்பது வயது மகளும் அந்த அறையில் படுக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு 18-இல் போட்டு, காலை ஐந்துக்கு நிறுத்தி, நல்ல காற்று வரட்டும் என்று உடனே ஜன்னலைத் திறந்து விடுவது வழக்கம். ஐப்பசி அடைமழையில் துணியும் அதே அறையில்தான் காய்ந்தது. கார்த்திகையில் ஏசியின் வாயில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. போட்ட முதல் ஐந்து நிமிஷம் ஈரத்துணி வாடை. இப்போது ஏசிக்குப் பின்னால் சுவரும் கறுக்கிறது, சில நாள் தண்ணீர் வழிகிறது. தெரிந்த மெக்கானிக் இரண்டு தடவை கேஸ் ஏற்றினார், தடவைக்கு 2,800 ரூபாய். வாடை போகவில்லை. "காயில் போச்சு, மெஷினை மாத்துங்க" என்கிறார். இன்னொருவர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்குச் சர்க்கரை. மகளுக்குக் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காய்த் தும்மல். "இது கொரோனா சமயத்தில் வந்த கறுப்புப் பூஞ்சையா? மெஷினை மாற்றித்தான் ஆக வேண்டுமா? கடைக்காரரைக் கேட்க எனக்கு உரிமை உண்டா? இந்த ஐப்பசியை எப்படித் தாண்டுவது?" இவை அவர் கேள்விகள்.

சகோதரி, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். 2021-இல் செய்தியில் அடிபட்ட கறுப்புப் பூஞ்சை, மியூகோர்மைகோசிஸ் என்ற நோய். பூஞ்சை தாக்கிய சதை செத்துக் கறுத்துப் போவதால் வந்த பெயர் அது. ஏசியின் வாயில் நீங்கள் பார்ப்பது ஈரமும் தூசும் சேர்ந்த இடத்தில் எங்கும் வளரும் சாதாரணப் பூஞ்சணம். ஊறுகாய் ஜாடியின் மூடியில் பூப்பதற்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. ஒவ்வாமை, இளைப்பு உள்ளவர்களை அது படுத்தும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத முதியவர் அதன் தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. ஆகவே ஏசியைக் கழுவும் நாளிலும் சுவரைத் தேய்க்கும் நாளிலும் மாமியாரும் மகளும் வேறு அறையில் இருக்கட்டும்; தேய்ப்பவர் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளட்டும்.

மகளின் தும்மலுக்கு ஏசிதான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஈரமான தலையணையிலும் மெத்தையிலும் பெருகும் தூசிப்பூச்சிக்கும் இதே குணம் உண்டு. இரண்டு வாரம் வேறு அறையில் படுக்க வைத்துப் பாருங்கள். தும்மல் குறைந்தால் ஒரு தடயம் கிடைத்தது. இரவில் இருமலோ, மூச்சில் விசில் சத்தமோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் தும்மல் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பது வேண்டாம்.

கேஸ் தீர்ந்து போகிற பொருள் இல்லை

கடிதத்தில் எனக்கு உறுத்தியது இந்த 5,600 ரூபாய்தான். ஏசியின் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் ஏற்றியது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிய கதை. செப்புக் குழாய் இண்டோர், அவுட்டோர் யூனிட்டுகளோடு சேரும் ஃப்ளேர் நட்டுகளில்தான் கசிவு அதிகம். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். அங்கே தெரியாவிட்டால் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவை அடைத்து, வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப்பால் இழுத்து), எடை பார்த்துக் கேஸ் ஏற்ற வேண்டும்.

கேஸுக்கும் வாடைக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஆனால் சுவரில் வழியும் தண்ணீருக்குத் தொடர்பு இருக்கலாம். கேஸ் குறைந்தால், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலின் ஒரு பக்கம் மட்டும் பனிக்கட்டி பிடிக்கும். ஏசியை நிறுத்தியதும் அது ஒரேயடியாக உருகும். அந்த வெள்ளம், காயிலின் சொட்டுநீரைப் பிடிக்கும் ட்ரேக்கு வெளியே போகும். அடுத்த தடவை வழியும்போது முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி, காயிலில் வெள்ளையாய் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். உறைந்திருந்தால் கசிவைத் தேடச் சொல்லுங்கள். வடிகால் அடைப்பு, ஃபில்டர் அழுக்கு இரண்டையும் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். கசிவு காயிலிலேயே இருக்கிறது என்று சோதித்துக் காட்டினால் காயிலை மாற்றலாம். காட்டாமல் சொல்பவர் பேச்சுக்கு மெஷினை மாற்ற வேண்டாம்.

உங்கள் அறையின் தண்ணீர்க் கணக்கு

நம் பக்கத்தில் யாருக்கும் பாய்ச்சலையும் வடிகாலையும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகும். உங்கள் அறைக்கும் அதே கணக்குத்தான்.

ஏசியின் கூலிங் காயில் ஓடும்போது பத்துப் பதினைந்து டிகிரியில் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த எவர்சில்வர் சொம்பு வியர்ப்பது போல அறைக் காற்றின் ஈரம் அதில் படிந்து, ட்ரேயில் சொட்டி, பைப் வழியாக வெளியே போகிறது. காயிலைத் தாண்டி வரும் காற்றும் ஈரக்காற்றுதான். அது போய் மோதும் இடம் உருளை வடிவ ப்ளோவர். ஃபில்டரில் தப்பிய நுண்தூசி, பஞ்சு, தோல் துகள் எல்லாம் அந்த இறக்கைகளில் ஒட்டுகிறது. இருட்டு, ஈரம், தீனி. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது வரவைப் பார்ப்போம். மூன்று பேர் ஏழு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் முக்கால் லிட்டர் அளவு தண்ணீர் காற்றில் சேரும். கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில் இரண்டு லிட்டருக்குக் குறையாது. மூன்றாவது வரவை யாரும் கணக்கில் வைப்பதில்லை, அது ஜன்னல். மழைக்கால வெளிக்காற்று 28 டிகிரி, 90 சதவீத ஈரம் என்றால் ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். ஏசி அறையில் 24 டிகிரி, 55 சதவீதம் என்றால் 12 கிராம்தான். பத்தடி உயரம் என்று வைத்தால் உங்கள் அறையில் 31 கன மீட்டர் காற்று. ஒரு முறை அறைக்காற்று முழுதும் மாறினாலே கிட்டத்தட்ட 400 மில்லி தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

அதிலும் நீங்கள் திறக்கும் நேரம் மோசமான நேரம். 18-இல் ஓடிய அறையில் சுவரும் பீரோவும் 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஐப்பசி விடியலில் வெளிக்காற்று 24 டிகிரி, ஈரம் முட்ட முட்ட இருக்கும். அது உள்ளே வந்ததும் சுவரெல்லாம் அந்த எவர்சில்வர் சொம்பாகிவிடும். நல்ல காற்று வரட்டும் என்று நினைத்தது சரி. சுவர் குளிர்ந்திருக்கும்போது திறந்ததுதான் பிழை.

ஒரு முறை முழுச் சுத்தம்

புரட்டாசி முடிவதற்குள் செய்துவிடுங்கள். "வெட் சர்வீஸ்" என்று சொல்லி ஃபில்டரை மட்டும் தண்ணீரில் அலசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆகவே கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தண்ணீர் சிதறாமல் பிடிக்கும் ஜெட் கவர் மாட்டி, காயில், ப்ளோவர், ட்ரே மூன்றும் கழுவ வேண்டும். முதலில் ஏசியின் எம்சிபியை (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்க வேண்டும்; ரிமோட்டில் நிறுத்துவது கரண்டை நிறுத்தியதாகாது. வலப்பக்கமோ இடப்பக்கமோ உள்ள சர்க்யூட் போர்டைப் பிளாஸ்டிக்கால் மூட வேண்டும். ஏசிக்கென்று விற்கும் காயில் க்ளீனர் நுரையை அடித்துப் பத்து நிமிஷம் ஊற விட்டு, அலுமினியத் தகடுகள் மடங்காத அளவு அழுத்தத்தில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். ப்ளோவரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பி ஒவ்வோர் இறக்கையும் கழுவ வேண்டும். முதலில் வரும் தண்ணீர் மை மாதிரி இருக்கும். தெளிந்த தண்ணீர் வரும் வரை நிறுத்தக் கூடாது. முடிந்தால் ட்ரேயைக் கழற்றிப் பாருங்கள். அடியில் வழுவழுவென்று ஜவ்வு மாதிரி ஒன்று படிந்திருக்கும். பாதி வாடை அதிலிருந்துதான் வருகிறது. கடைசியில் ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டிக் காய வைக்க வேண்டும்.

ஆள் கிளம்புவதற்கு முன், ஏசி நின்றிருக்கும்போது ஸ்விங் தகட்டை விலக்கி, மொபைல் டார்ச்சை உள்ளே அடியுங்கள். வெள்ளை டிஷ்யூ தாளால் ப்ளோவர் இறக்கை ஒன்றைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு வந்தால் வேலை முடியவில்லை. காசை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அந்தக் குளோரின் அலுமினியத் தகட்டை அரிக்கும், மிச்ச வாடையை நீங்கள் இரவெல்லாம் சுவாசிப்பீர்கள். கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் உயிருக்கே ஆபத்தான வாயு வரும். வினிகர் இயற்கையானது என்று யாராவது சொன்னால் அதையும் தவிருங்கள். அசிட்டிக் அமிலம் செப்புக் குழாயில் எறும்புப் புற்று போல நுண்துளை போடும், அப்புறம் உண்மையாகவே கேஸ் கசியும். வாடையை மறைக்கச் சாம்பிராணி போடுவதில் இன்னொரு சங்கடம்: ஓடும் ஏசி புகையை இழுத்து ஈரக் காயிலில் ஒட்ட வைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதானால் ஏசி நின்றிருக்கட்டும். புகை போன பிறகு போடுங்கள்.

வாளியும் சுவர் ஓட்டையும்

ட்ரெயின் பைப்பை வெளியே வாளியில் விட்டு, அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வாளி நிறைந்து பைப்பின் முனை தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. ட்ரே நிரம்பிச் சுவரில் வழியும். சில நாள் மட்டும் வழிகிறது என்றீர்களே, வாளி ஊற்றாத நாள்களோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு நான்கு விரல் மேலே இருக்கட்டும். வாளியைத் தினம் கவிழ்த்து விடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீர் மிகவும் பிடிக்கும்.

பைப் வழி நெடுகிலும் மீட்டருக்கு ஒரு விரற்கடையாவது இறக்கம் வேண்டும். நடுவில் தொய்ந்து தொட்டில் கட்டியிருந்தால் அங்கே ஜவ்வு சேரும். வெளி முனையில் மண்குளவி கூடு கட்டுவதும் நம் ஊரில் சாதாரணம். சோதிப்பது சுலபம்: எம்சிபியை இறக்கிவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, அரை லிட்டர் தண்ணீரைக் காயில் மேல் மெல்ல ஊற்றுங்கள். ஓரிரு நிமிஷத்தில் வெளியே கொட்ட வேண்டும். வராவிட்டால் வெளி முனையிலிருந்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஊதினால் அழுக்கெல்லாம் ட்ரேக்குத் திரும்பி வரும்.

சுவர் கறுப்புக்கு நான் அதிகம் சந்தேகப்படுவது குழாய் போகும் ஓட்டையை. ஏசி மாட்டியவர்கள் குழாயைச் செருகிவிட்டு, சுற்றியுள்ள இடைவெளியை அப்படியே விட்டுவிடுவது உண்டு. அதன் வழியே வெளியின் ஈரக்காற்று ஏசியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இரவு முழுக்க நுழையும். வெளியே நின்று பாருங்கள். இடைவெளி தெரிந்தால் சிமெண்ட்டோ சிலிக்கானோ வைத்து அடையுங்கள். செப்புக் குழாய் இரண்டுக்கும் தனித்தனியாகக் கறுப்பு நுரை உறை இருக்கிறதா, இணைப்பு நட்டுப் பக்கம் வெறும் செம்பு தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் விரல் நீளம் வெறும் செம்பு இருந்தாலே அது சொட்டிக்கொண்டிருக்கும்.

ஈரத்தின் வழி அடைந்த பிறகு சுவரைச் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பூச்சு பொரிந்திருந்தால் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பிறகு பட்டி பார்க்கலாம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த பழைய வீடுகளில் பூஞ்சணம் குறைவாக இருந்ததற்கு அந்தக் காரத்தன்மையும் ஒரு காரணம். பிளாஸ்டிக் எமல்ஷன் பூசிய சுவர் அந்த உதவியைச் செய்யாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். ஏசிக் காற்று நேராக அடிக்காத இடத்தில், தலைமாட்டில் வையுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 70-ஐத் தாண்டியே இருந்தால் எவ்வளவு கழுவினாலும் புள்ளிகள் திரும்ப வரும்.

18-ஐ விட்டுவிடுங்கள். நட்சத்திரக் குறியீட்டுக்கு உட்பட்ட ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது, நாம்தான் இறக்குகிறோம். 25 அல்லது 26, கூடவே மேலே ஃபேன் மெதுவாக. சுவர் அந்த அளவில் இருந்தால் விடியல் காற்று பட்டாலும் வியர்க்காது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. உங்கள் 110 சதுர அடிக்கு, மேலே மாடியும் இருக்கும்போது, 1 டன்னே போதும். 1.5 டன் இன்வெர்ட்டர் சீக்கிரம் அறையைக் குளிர்வித்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காயில் அவ்வளவு குளிராது, ஈரம் எடுப்பதும் குறையும். அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பது இதனால்தான். ஆகவே மழை இரவுகளில் டிரை மோடில் போடுங்கள். உங்கள் மாடலில் அது ரொம்பக் குளிர வைத்தால், கூல் மோடிலேயே ஏசியின் ஃபேன் வேகத்தை மிகக் குறைவில் வையுங்கள். காற்று மெதுவாகப் போனால் காயில் அதிகம் குளிர்ந்து அதிகத் தண்ணீரை இறக்கும். எது நன்றாக வேலை செய்கிறது என்பதை மானி சொல்லிவிடும்.

நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் ஃபேன் மோட். ஆட்டோ க்ளீன் பொத்தான் இருந்தால் அதையே அழுத்தலாம். ஓடி முடியும் வரை மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். காயிலில் ஒட்டியிருந்த தண்ணீர் அப்போது அறைக் காற்றுக்குத் திரும்பும், அது தவிர்க்க முடியாதது. அறைக் கதவைக் கூடத்துப் பக்கம் திறந்து, மேல் ஃபேனை வேகமாக வையுங்கள். வெளி ஜன்னலை வெயில் ஏறி எட்டு, எட்டரைக்குத் திறந்தால் போதும்.   

துணி அந்த அறைக்கு வரக்கூடாது. வாஷிங் மெஷினில் இரண்டாம் தடவை ஸ்பின் விட்டுக் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் போடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவி நிழலில் உலர்த்துங்கள். தை, மாசியில் சுற்றுவட்டாரத்தில் சம்பா அறுவடை நடக்கும்போது பதர்த் தூசு பறக்கும், அப்போது வாரம் ஒரு தடவை. பெரிய சுத்தம் வருஷத்துக்கு இரண்டு: பங்குனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று.

கடைக்காரரைக் கேட்கலாமா?

பூஞ்சணத்துக்காகக் கேட்டால் "பராமரிப்பு உங்கள் பொறுப்பு" என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கம்பெனி அனுப்பிய ஆளே ஏசியை மாட்டியிருந்து, ஓட்டையை அடைக்காததும் பைப்புக்கு இறக்கம் கொடுக்காததும் தெரியவந்தால் அது சேவைக் குறைபாடு. சரிசெய்வதற்கு முன் தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். வாரண்டி அட்டையில் காயிலுக்கு எத்தனை ஆண்டு என்று தனியாகப் போட்டிருக்கும், பாருங்கள். வெளி மெக்கானிக் கேஸ் ஏற்றியதைக் காட்டி அவர்கள் தட்டிக்கழிக்கலாம். இனி வாரண்டி இருக்கும் வரை அவரைத் தொட விடாதீர்கள், 5,600 ரூபாய்க்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் கணவர் பேரில் இருந்தாலும் அவர் சம்மதத்தோடு பயன்படுத்தும் நீங்களும் நுகர்வோர்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். மாட்டியதிலேயே குறை என்பது உங்கள் வாதமானால் மாட்டிய நாளிலிருந்தே எண்ணுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது.

மெஷினை மாற்றும் பேச்சை இந்த மார்கழி முடியும் வரை ஒத்திவையுங்கள். கழுவி, ஓட்டையை அடைத்து, மானி 60-க்குக் கீழே நின்ற பிறகும் வாடை வந்தால் மறுபடி எழுதுங்கள். வாளியில் ஒரு இரவில் எத்தனை லிட்டர் சேர்ந்தது என்பதையும் குறித்து அனுப்புங்கள்.